ஒரு நாள் லீவில் பத்தரமுல்லையும் புறக்கோட்டையும் முடியுமா?

வெள்ளவத்தைவாசி:

அனைவருக்கும் வணக்கம். தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்யும் எனக்கு வரும் வெள்ளிக்கிழமை லீவு கிடைத்திருக்கிறது. அன்று முடிக்க வேண்டிய அலுவல்கள் பல. அம்மாவின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அவரையும் கூட்டிக்கொண்டு பத்தரமுல்லைக்குப் போக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தம்பி விசா விண்ணப்பத்துக்குக் கேட்டிருப்பதால், தமிழில் இருக்கும் அம்மாவின் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பிக்க வேண்டும். வங்கிப் புத்தகத்தைப் பதிய வேண்டும், திருத்தக் கொடுத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க வேண்டும், பொங்கலுக்கான சாமான்களைக் கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெருக்களில் வாங்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் நெடுநேரம் நிற்கவோ நடக்கவோ முடியாது. இவற்றை எந்த ஒழுங்கில் செய்தால் அவர் களைத்துப் போகாமல் வீடு திரும்பலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தெஹிவளை அண்ணன்:

தம்பி, முதலில் ஒன்றை யோசியுங்கள். வார நாளில் கிடைக்கும் லீவு, வார நாளில் மட்டும் திறந்திருக்கும் கந்தோர்களுக்கு உரியது. உங்கள் பட்டியலில் அப்படிப்பட்டது கடவுச்சீட்டு அலுவல்தான். மூக்குக்கண்ணாடியை வேலை முடிந்து வரும் வழியில் எடுக்கலாம். வங்கிக் கிளைகள் சில சனிக்கிழமையும் திறக்கின்றன. புறக்கோட்டையும் சனிக்கிழமை திறந்திருக்கும். இவற்றையெல்லாம் வெள்ளிக்கிழமையில் திணித்தால், பத்தரமுல்லையில் வரிசை கொஞ்சம் நீண்டாலும் எஞ்சிய அத்தனையும் குழம்பிவிடும்.

கடவுச்சீட்டுக்கான படத்தை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்களே படத்தைக் கணினி வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்கள் கையில் ஒரு பற்றுச்சீட்டைத் தருவார்கள். அதை முதல் நாள் மாலையே முடித்து, பற்றுச்சீட்டு, பழைய கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி ஆகியவற்றைப் போட்டோப் பிரதிகளுடன் ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். நேரம் முன்கூட்டி ஒதுக்க வேண்டுமா என்பதைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது, ஏனெனில் அந்த நடைமுறை காலத்துக்குக் காலம் மாறுகிறது.

தனியாகப் போவதானால் வெள்ளவத்தையில் ரயிலேறி கொள்ளுப்பிட்டியில் இறங்கி, அங்கிருந்து 177ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தால் ராஜகிரிய வழியாகப் பத்தரமுல்லைக்குச் சேர்ந்துவிடலாம். அம்மாவை அந்த வழியில் கூட்டிப் போகாதீர்கள். காலையில் கோட்டைப் பக்கம் போகும் ரயிலில் கால் வைக்கவும் இடமிருக்காது. அந்தப் படியின் உயரம் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. போகும்போதும் வரும்போதும் ஓட்டோவோ பிக்மீ செயலியில் வாடகை வாகனமோ பிடியுங்கள். இந்த ஒரு செலவில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

புதுக்கடைக்காரி:

தெஹிவளை அண்ணன் சொன்னதுடன் உடன்படுகிறேன், ஆனால் மொழிபெயர்ப்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரே செய்து, கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தர வேண்டும். நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள புதுக்கடைத் தெருக்களில் அப்படிப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அம்மா வரத் தேவையில்லை. மூலப்பிரதியை நீங்கள் கொண்டுபோய்க் காட்டினால் போதும். பத்தரமுல்லைக்கும் அதே மூலப்பிரதி தேவைப்படும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பெயரின் எழுத்துகள். சிவகாமி என்ற பெயரிலுள்ள ககரத்துக்கு ஒருவர் ஆங்கிலத்தில் ‘ஜீ’ எழுத்தையும் இன்னொருவர் ‘கே’ எழுத்தையும் போடுவார். இறுதியில் ஒருவர் ‘ஐ’ என்று முடித்தால் மற்றவர் ‘வை’ என்று முடிப்பார். விசா அதிகாரிக்கு அவை வெவ்வேறு பெயர்களாகவே தெரியும். ஆகவே கடவுச்சீட்டில் பெயர் உள்ள பக்கத்தின் பிரதியையும் கொடுத்து, தாய் தந்தையரின் பெயர்கள் வேறு ஆவணங்களில் ஆங்கிலத்தில் இருந்தால் அவற்றையும் காட்டி, அந்த எழுத்துகளையே பின்பற்றச் சொல்லுங்கள். முத்திரை குத்துவதற்கு முன் வரி வரியாக நீங்களே வாசித்துப் பார்க்க வேண்டும். பிறந்த திகதியையும் பதிவிலக்கத்தையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிட்டு, விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு மனம் நொந்தவர்களை நான் அறிவேன்.

கொட்டாஞ்சேனையான்:

புறக்கோட்டையை வெள்ளிக்கிழமையில் வைக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜும்ஆ தொழுகைக்காக நண்பகலில் முஸ்லிம் வணிகர்களின் கடைகள் பல மூடப்படும்; நீங்கள் பத்தரமுல்லையிலிருந்து விரைந்து வந்தாலும் அந்த நேரத்தில்தான் வந்து சேர்வீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலையில் கடைகள் திறக்கும் நேரத்துக்குப் போனால் நெரிசல் தொடங்குமுன் வாங்கி முடித்துவிடலாம்.

பூசைச் சாமான்களுக்குக் கதிரேசன் கோயில்கள் இருக்கும் செட்டியார் தெருவுக்குப் போங்கள். அம்மாவின் முழங்காலுக்கு நாட்டு மருந்துச் சரக்கு வாங்குவதானால் கேபோஸ் லேன் பக்கத்தில்தான். மரக்கறியை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். மெனிங் சந்தையின் மொத்த வியாபாரம் 2020இலேயே பேலியகொடைக்கு மாறிவிட்டது.

வெள்ளவத்தைவாசி:

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. வெள்ளிக்கிழமையைப் பத்தரமுல்லைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். படத்தை வியாழன் மாலையே எடுக்கப் போகிறோம். சனி காலை தனியாகப் புறக்கோட்டைக்குப் போய், அப்படியே புதுக்கடையில் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சனிக்கிழமையில் அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்களா?

புதுக்கடைக்காரி:

சிலர் இருப்பார்கள், ஆனால் நீதிமன்றம் நடக்காத நாள் என்பதால் பலர் வரமாட்டார்கள். ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை முதலில் எடுத்து, வருவாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள் தம்பி. அம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பார்சலும் கையோடு கொண்டுபோக மறக்க வேண்டாம்; ஒருநாள் சேவையில் விண்ணப்பித்தால் கடவுச்சீட்டு கைக்கு வரும்வரை நெடுநேரம் காத்திருக்க நேரும்.