வருகைப் பதிவேடு சொல்லும் ஊர்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் மலைப்பாதையை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் இடைநிலை ஆசிரியராக முதல் கல்வியாண்டை முடித்திருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியரும் முதல் மூன்று வகுப்புகளை நானும் பார்த்துக்கொள்கிறோம். என் சொந்த ஊர் அதே மாவட்டத்தின் மறுகோடியான ஊத்தங்கரைப் பக்கம். புதிதாகச் சேர்ந்த நண்பர்கள் சந்திக்கும்போதெல்லாம் பாடக்குறிப்பு எழுதுவதைப் பற்றியும், மூன்று வகுப்புகளை ஒரே அறையில் சமாளிப்பதைப் பற்றியும் பேசிக்கொள்கிறோம். அவையெல்லாம் பயிற்சியிலும் பழக்கத்திலும் ஓரளவு கைவந்துவிடுகின்றன. எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரப்படாத ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்: இன்று பள்ளிக்கு வராத பிள்ளை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

காலை வருகையை அலைபேசிச் செயலியில் பதிய வேண்டும். எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் மட்டும்தான் என்பதால், அங்கே நின்றபடி பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவேன். செயலிக்கு வந்தார், வரவில்லை என்ற இரண்டு நிலைகளே தெரியும். வராததற்கான காரணத்தை என் சொந்தக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். அந்தக் குறிப்பேட்டை இப்போது புரட்டினால் இந்த ஊரின் வேளாண் காலண்டரையே வரிசையாகப் படிப்பதுபோல் இருக்கிறது.

என் ஊர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் பிள்ளைகள் வராவிட்டால் காரணம் பெரும்பாலும் மாங்காயாக இருக்கும். பெங்களூரா ரக மாங்காய் அறுவடையும் கூழ் ஆலை வேலையும் முடியும்வரை சில வீடுகளில் யாரும் இருக்க மாட்டார்கள். அஞ்செட்டிப் பக்கம் அந்தக் கதை இல்லை. இங்கே மானாவாரி ராகிதான் வாழ்வு. ஆடி, ஆவணியில் விதைப்பு, இடையிடையே அவரையும் துவரையும், கார்த்திகை, மார்கழியில் அறுவடை. விதைப்பு நாள்களில் ஓரிரு பிள்ளைகள் விடுபடுவார்கள், பிறகு வந்துவிடுவார்கள். கதிர் முற்றும் காலம்தான் சிக்கலானது, ஏனென்றால் அதே காலத்தில்தான் கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை வனப்பகுதிக்குள் இறங்குகின்றன.

நவம்பரில் என் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் பாடவேளையிலேயே மேசைமேல் சாய்ந்து தூங்கிவிடுவான். அவன் தந்தையைப் பார்க்க ஒரு மாலையில் போனேன். வீட்டில் இல்லை, ராகிக் கொல்லையின் காவல் பரண்மேல் இருந்தார். கீழே நின்றே பேசினேன். "ராத்திரி பூரா இங்கதான் டீச்சரம்மா இருக்கோம். அவனும் தகர டப்பா தட்டுவான். ஒரு ராத்திரி கண் அசந்தா வருசம் பூரா களிக்கு மாவு இல்ல," என்றார். வனத்துறை இழப்பீடு உண்டே என்று கேட்டேன். உண்டு என்றார், அது வரும்போது வரும், களி தினமும் வேண்டும் என்றார். அவரிடம் வாதாட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பையனை வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் பரணுக்கு அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டார். பெரும்பாலும் அப்படியே செய்தார். மற்ற நாள்களில் அவன் தூங்கினால் காலைப் பாடவேளையில் தூங்கவிட்டு, பதினொரு மணிக்குமேல் எழுப்பிக் கணக்கை ஆரம்பித்தேன்.

காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து நடந்து வரும் இருளர் வீட்டுப் பிள்ளைகளின் நிலை வேறு. தொலைவில் உள்ள குடியிருப்புகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகளுக்குத் துணையாக வரும் வழிக்காவலர் வசதி உண்டு. எங்கள் பள்ளிக்கு வரும் வழிக்காவலர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அம்மா. யானைக் கூட்டம் பக்கத்தில் இருப்பதாக அவர் சாணத்தைப் பார்த்தே சொல்லிவிட்டால் அன்று பிள்ளைகள் புறப்பட மாட்டார்கள். ஒருமுறை ஆய்வுக்கு வந்தவர் அந்த நாள்களின் வருகைக் குறைவைச் சுட்டிக்காட்டியபோது, தலைமையாசிரியர் பதற்றமே இல்லாமல், "வந்திருந்தால்தான் ஐயா நான் கவலைப்பட்டிருப்பேன்," என்றார். இருபது ஆண்டு அனுபவத்தின் பதில் அது; எனக்கு அப்படிச் சொல்லும் துணிவு வர இன்னும் காலமாகும்.

அறுவடையும் பொங்கலும் முடிந்தபின் வரும் விடுபடல்தான் நீண்டது. ராகி மூட்டைகளை வீட்டில் அடுக்கிவிட்டு, குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் மாநில எல்லை வந்துவிடும். அங்கிருந்து எந்த மேஸ்திரி எந்தக் கட்டடத் தளத்துக்கு அழைத்துப் போவார் என்பது அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. பாட்டி இருக்கும் வீடுகளில் பிள்ளையை விட்டுப் போகிறார்கள். பாட்டி இல்லாத வீடுகளில் பிள்ளையும் சேர்ந்து போகிறது. தொடர்ந்து 30 வேலை நாள்கள் வராத பிள்ளை இடைநின்றவராகக் கருதப்பட வேண்டும் என்பதால், பிப்ரவரி நடுவில் அந்தப் பெயர்கள் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன.

இந்தக் கட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னது: இந்த ஊர்க்காரர்களுக்குப் படிப்பின்மேல் அக்கறையில்லை, நாம் எவ்வளவு கத்தினாலும் வீண். நல்ல ஆசிரியர், ஆனால் இந்தக் கணிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நான் தொலைபேசியில் பிடித்த தாய்மார்களில் ஒருவர்கூடப் "படித்து என்ன ஆகப்போகிறது" என்று சொல்லவில்லை. ஒருவர், தளத்துக்குப் பக்கத்தில் இருந்த கன்னட வழிப் பள்ளியில் மகளைச் சேர்க்கக் கேட்டதாகவும், மாற்றுச் சான்றிதழ் இருந்தால் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. இதை அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து, மறுநாள் மீண்டும் போகச் சொன்னேன். பள்ளி முத்திரையிட்ட ஒரு கடிதத்தையும் படமெடுத்து அனுப்பினோம். பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துக்கொண்டார்கள். நம் மாநிலத்துக்குள் ஒரு பிள்ளை பள்ளி மாறினால், எமிஸ் எனப்படும் நம் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தின் பொதுத் தொகுப்பிலிருந்து அதன் பதிவை அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும். கர்நாடகம் தனக்கென வேறொரு பதிவு முறை வைத்திருப்பதால், எல்லையைத் தாண்டிய பிள்ளை நம் திரையில் காணாமல்போன பிள்ளையாகவே நிற்கிறது.

அந்தச் சிறுமி சித்திரையில் திரும்பி வந்தபோது கன்னட எண்களைச் சரளமாக எழுதினாள், தமிழில் உயிர்மெய் வரிசையில் தடுமாறினாள். இந்தப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் ஏராளம் என்பதால் அது யாருக்கும் வியப்பாக இல்லை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பற்றி, படிவங்கள் அதிகம் என்று நானும் முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி உட்கார வைக்கும் அதன் ஏற்பாடு, இப்படி இடையில் போய் இடையில் வரும் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானது. வயதுக்கேற்ற வகுப்பில் பெயர் இருக்க, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடரலாம். கூட்டத்தின் நடுவே அவமானப்பட வேண்டியதில்லை.

காலை உணவுத் திட்டத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டு முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் நடக்கிறது. விடியற்காலையில் கூலிக்குப் புறப்படும் வீடுகளில், முன்பு பிள்ளையையும் கையோடு அழைத்துப் போனார்கள்; இப்போது பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். என் குறிப்பேட்டில் "அம்மாவோடு வேலைக்குப் போனான்" என்ற காரணம் அரிதாகவே இருப்பதற்கு உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

தீராமல் நிற்கும் காரணம் ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. தலைமையாசிரியர் சொல்லி நான் வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தாய் ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போகிறார். பாட்டி நூறு நாள் வேலைக்குப் போகிறார். அங்கேயும் நாளுக்கு இரண்டு முறை அலைபேசியில் படமெடுத்துத்தான் வருகை பதிகிறார்கள் என்பதால், நடுவில் வீட்டுக்கு வந்து போக வழியில்லை. பாட்டி என்னிடம் கோபமே இல்லாமல் கேட்டார்: "பாப்பா ஸ்கூலுக்கு வந்தா பையன யாரு பாத்துக்கறது கண்ணு? நீ பாத்துக்கிறியா?" அங்கன்வாடியில் கேட்டேன், 2 வயது நிறைந்த பிள்ளைகளுக்குத்தான் அங்கே முன்பருவக் கல்வி. தலைமையாசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்தபோது, உறுப்பினரான ஓர் அம்மா திங்கள், வியாழன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் வீட்டு அறுவடை வரும்வரை அது நடந்தது. சிறுமி ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்பு முதல் சேர்க்கும் கஸ்தூரிபா உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்குப் போக ஆசை. வீட்டில், தம்பி நடக்கப் பழகட்டும் என்கிறார்கள்.

தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பக்கம் பணி ஆணை பெறும் நண்பர்களுக்குச் செயல்முறையாக ஒன்றைச் சொல்வேன். பொங்கல் விடுமுறைக்கு முன்பே, வெளியூர் போகக்கூடிய வீடுகளில் பெற்றோரின் எண்ணோடு மேஸ்திரியின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் எண்ணை மாற்றிவிடுவார்கள். மேஸ்திரி தொழில் நடக்க வேண்டுமே, அவர் மாற்ற மாட்டார். பிள்ளையும் போவது உறுதியானால் மாற்றுச் சான்றிதழுக்காகக் காத்திராமல், படிக்கும் வகுப்பும் பிறந்த தேதியும் குறித்த கடிதம் ஒன்றைத் தாயின் கையில் கொடுத்தனுப்புங்கள். 2 வயதுக்குக் குறைந்த தம்பி, தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் நிற்கும் பிள்ளைகளுக்கு, பாலக்கோடு, பென்னாகரம் பக்கமோ வேறு ஒன்றியங்களிலோ யாராவது நிலையான ஏற்பாடு செய்திருந்தால், அது எப்படி நடக்கிறது, யார் பொறுப்பில் நடக்கிறது என்பதை விவரமாக எழுதுங்கள்; ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எங்களுக்கு அது தேவைப்படுகிறது.