ஸ்கிரீனிங்: 'வடிகட்டல்' வேண்டாம், 'தேவை முடிவு' ஆகுமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

> சலித்தல், வடிகட்டல் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாமே.

ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவையா என்று முடிவெடுக்கும் கட்டம்தான் ஸ்கிரீனிங். நம் சொல்பட்டியலில் அதற்கு நீங்கள் சொல்லும் இந்த இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. சலித்தால் நல்லது ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம் பிரியும். இங்கே எந்தத் திட்டமும் கழிவதில்லை. மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இந்தக் கட்டம், மாநில அளவில் அனுமதி பெறும் பி வகைத் திட்டங்களுக்கு மட்டும்தான். மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழு விண்ணப்பத்தைப் பார்த்து, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டுமென்றால் பி1, வேண்டாமென்றால் பி2 என்கிறது. பி2 ஆனாலும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்பும்தான் இல்லை. 'வடிகட்டலில் தேறியது' என்று எழுதினால், பெங்களூரு வர்த்தூர் ஏரிப் பக்கம் அடுக்ககம் எழுவதைப் பார்க்கிற நம் ஆள் என்ன நினைப்பார்? ஏரிக்கு ஆபத்தில்லை என்று யாரோ சோதித்துச் சொல்லிவிட்டார்கள் என்றுதான்.

('திரையிடல்' என்றும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தோன்றியது.)

அதனால் 'தேவை முடிவு'. 'தேவையறிதல்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அறிவது வேறு, முடிவெடுப்பது வேறு. முடிவென்றால் யார் எடுத்தது, ஏன் என்று கேட்க இடமிருக்கிறது. வாக்கியத்திலும் உட்காருகிறது: 'தேவை முடிவு இன்னும் வரவில்லை', 'தேவை முடிவில் பி1 ஆனது'.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டருக்குக் கீழே என்றால், அனுமதி வாங்க வேண்டிய திட்டங்களைப் பட்டியலிடும் அறிவிக்கையின் அட்டவணைக்குள்ளேயே வராது. வரைபடம் 19,800 என்று வந்து நின்றால் காரணம் ஊகிக்கலாம். மெட்ரோ ரயிலும் அட்டவணையில் இல்லை. இவற்றைத் 'தேவை முடிவில் விலக்குப் பெற்றவை' என்று எழுதுவது தப்பு. முடிவெடுக்க யாரிடமும் போகவே இல்லையே. 'அட்டவணைக்கு வெளியே' என்றே சொல்லலாம்.

—

தம்பி, வணக்கம்.

சரி, வடிகட்டலை விட்டுவிடுகிறேன். ஆனால் 'தேவை முடிவு' தனியே நின்றால் எதன் தேவை என்று புரியாது, சிமெண்டா, தண்ணீரா? சொல்பட்டியலில் 'மதிப்பீட்டுத் தேவை முடிவு' என்று முழுதாக ஏறட்டும், கட்டுரைக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஸ்கோப்பிங். ஏ வகை (மத்திய அரசிடம் அனுமதி பெறுபவை), பி1 திட்டங்களின் அறிக்கையில் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று குறித்துக் கொடுப்பதுதானே அது? 'வரம்பு வகுத்தல்' என்று போட்டிருக்கிறேன். மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.