பால்குடி எருமைக் கன்றுக்கு எப்படிப் புழு வந்தது?

சேரன்மாதேவிக்காரன்:
அண்ணாச்சிமாரே, மூன்று வார எருமைக் கன்று, வயிறு பானை மாதிரி உப்பி, களிமண் நிறத்தில் கழிகிறது, நாற்றம் தாங்கவில்லை. நேற்று சாண் நீளத்துக்கு வெள்ளைப் புழு வேறு விழுந்தது. இன்னும் புல்லே கடிக்காத கன்றுக்கு இது எங்கிருந்து வந்தது?

அம்பை எருமைப்பால்:
பாலில்தான். தாய் எப்போதோ மேய்ச்சலில் விழுங்கிய முட்டையிலிருந்து வந்த இளம்புழு அதன் சதைக்குள்ளேயே ஒதுங்கிக் கிடந்து, ஈனும் சமயத்தில் மடிக்கு நகர்ந்து, முதல் சில நாள் பாலோடு கன்றுக்குள் போய்விடும். டாக்ஸோகாரா விட்டுலோரம் என்று பெயர். அதற்காகச் சீம்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய கேடு.

களக்காட்டுக் கன்று:
வேப்பிலை உருண்டையோடு காத்திருக்க வேண்டாம், புழு திரண்டால் குடலையே அடைக்கும். பைபரசின் என்ற குடற்புழு மருந்துக்குக் கேட்கும், ஆனால் எடை பார்த்து டாக்டர் சொல்லும் அளவுதான். அடுத்த ஈற்றுக் கன்றுக்குப் பத்து நாளிலேயே முதல் மருந்து கொடுத்துவிடுங்கள்.

சேரன்மாதேவிக்காரன்:
சரி, அப்போ தாய்க்கும் மருந்து கொடுத்தால் தீருமா?

அம்பை எருமைப்பால்:
சதைக்குள் கிடப்பதை வழக்கமான மருந்து எட்டாது. கன்றுச் சாணியைத் தினமும் அள்ளுங்கள், முட்டை மண்ணில் மாதக்கணக்கில் சாகாது. சந்தேகமிருந்தால் சாணத்தை ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில் காட்டுங்கள்.