‘அம்மாகிட்ட சொல்லிடாதீங்க’ என்று பிள்ளை சொன்னால்?

மாலைவகுப்பு:
டியூஷன் எடுப்பவர்களுக்கு வரக்கூடிய நிலைமை. ஏழெட்டு வயதுப் பிள்ளை, “மாமா தப்பா தொடுறாரு, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க” என்றால் அந்த நிமிடம் என்ன செய்வது? வீட்டில் சொல்வதா, நேரே போலீஸா?

வேப்பங்காற்று:
முதலில் முகம் மாறக்கூடாது, கஷ்டமே அதுதான். நாம் பதறினால் பிள்ளை அங்கேயே வாயை மூடிக்கொள்ளும். “எங்கிட்ட சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்ல.” இவ்வளவு போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணாதீர்கள். “உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

நம்மூரில் பாதித் தெருவே ‘மாமா’தான். அதனால் “எந்த மாமா?” என்று கேட்கலாம். அதற்கு மேல் “அப்புறம்?” மட்டும். “இங்க தொட்டாரா?” என்று நாமே எடுத்துக் கொடுத்தால், சொல்லிக்கொடுத்த பேச்சு என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதித் தேதி, நேரம் போடுங்கள். உறுப்புக்கு அது சொல்லும் செல்லப்பெயரைக்கூடத் திருத்தாதீர்கள். செல்போனில் வீடியோ வேண்டவே வேண்டாம்.

பிரிவு19:
போக்சோ சட்டம், 2012 — குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். 19-வது பிரிவுப்படி, தெரிந்தவர் யாரானாலும் போலீஸிலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்த ஆள் அதே வீட்டில் இருக்கிறாரா என்று தெரியாமல் வீட்டுக்குப் போன் போடாதீர்கள், பிள்ளையின் வாயை அடைத்துவிடுவார்கள். முதலில் 1098, குழந்தைகள் உதவி எண்; இரவிலும் எடுப்பார்கள்.

பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, யூனிஃபார்ம் இல்லாமல் வாங்கவேண்டும், கூடியவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தரவேண்டும். வழக்கு முடியும்வரை கூட நிற்க ‘சப்போர்ட் பர்சன்’ ஒருவரை அந்தக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள்.

மருந்துச்சீட்டு:
ஒன்று விட்டுப்போச்சு. சமீபத்தில் நடந்ததென்றால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். வீட்டாருக்குக் கை முதலில் அங்கேதான் போகும். துணியைக் காகிதக் கவரில் வையுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் போச்சு. எச்ஐவி தடுப்பு மருந்து தேவையா என்று டாக்டர்தான் முடிவு செய்வார். தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடவேண்டும். எஃப்ஐஆர் இல்லாமலே மருத்துவப் பரிசோதனை செய்யலாம், போக்சோ 27-வது பிரிவு. பெண் குழந்தைக்குப் பெண் டாக்டர்தான். ‘காயமில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, தொட்டதற்குத் தடம் இருக்காது.

மாலைவகுப்பு:
இரண்டு நாள் கழித்து “சும்மா சொன்னேன்” என்றால்?

வேப்பங்காற்று:
அடிக்கடி நடப்பதுதான். அம்மா அழுகிறாள், பாட்டி சாப்பிடவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று பிள்ளை நினைக்கிறது. “ஏன் பொய் சொன்னே?” என்று குடையாதீர்கள். அதையும் தேதி போட்டு எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். ஸ்கூலும் விளையாட்டும் தூங்கும் நேரமும் மாறவேண்டாம். வீட்டைவிட்டுப் போகவேண்டியது அந்த ஆள்தான். பிள்ளையைப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிட்டு அவரை வைத்துக்கொண்டால், தண்டனை தனக்குத்தான் என்று அது புரிந்துகொள்ளும்.