தராசு டிஜிட்டல், கணக்கு யாருடையது?

டிக்கோயா பொடியன்:
எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் போன தை மாதத்திலிருந்து கொழுந்து நிறுப்பது டிஜிட்டல் தராசில். கார்டைக் காட்டினால் நிறை நேரே வேலையை மேற்பார்க்கும் ஐயாவின் போனுக்குப் போகும். அந்திக்கு அம்மாவுக்கு மெசேஜ் வரும். "இனிக் களவுக் கணக்கு இல்லை" என்று எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

போன செவ்வாய் அம்மா மூன்று நிறுவையையும் மனதில் பிடித்துக்கொண்டு வந்தார். 7.4, 8.1, 6.3. கூட்டினால் 21.8 கிலோ. மெசேஜில் 15.8! நிறுவைக்கு இரண்டு கிலோ வீதம் கழித்திருக்கிறார்கள். இங்கே முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ வேண்டும். அம்மாவுக்கு அன்று அரைப்பேர்தான்.

கேட்டதற்கு, "மெசின் அப்படித்தான் காட்டுது" என்றார் ஐயா. முன்பும் கழித்தார்கள்தான். ஆனால் கழிக்கிற ஆள் முன்னால் நிற்பார், வாய்ச்சண்டையாவது போடலாம். இப்போது யாரோடு போடுவது? தொழில்நுட்பம் வந்தால் கணக்கு நேராகும் என்று நம்பியது என் மடத்தனமா?

பழைய கணக்கப்பிள்ளை, லிந்துலை:
தம்பி, 31 வருஷம் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேடு எழுதியவன் நான். மழைநாள் கொழுந்தில் தண்ணீர் நிற்கும், அது பொய்யில்லை. நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு இருபத்திரண்டு கிலோ தூள் வந்தாலே பெரிய விஷயம், ஈரம் கூடினால் ஃபெக்டரியில் திட்டு விழும். ஆனால் மாசி வெயிலிலும் அதே இரண்டு கிலோவைக் கழித்தோமே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு ஒரு கிலோ குறைந்தால், அதிகம் பறித்தவளைக் கேட்டு அந்த ஒரு கிலோவை இவள் பெயரில் போட்டிருக்கிறேன். தோட்டத்தை நடத்துகிற துரைக்குத் தெரியாது. பென்சில் களவும் செய்தது, இரக்கமும் பார்த்தது. உங்கள் மெசினுக்கு இரண்டாவது வராது.

கொழும்பில் வேலை, ஊர் மஸ்கெலியா:
மெசின் தானாகக் கழிக்காது தம்பி. நான் செய்வது சொஃப்ட்வெயர் வேலை. அந்த "2" என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து டைப் பண்ணியிருக்கிறார். மெசேஜில் மொத்தம், கழிவு, மீதி என்று மூன்று இலக்கமும் தனித்தனியாக வரவேண்டும் என்று கேளுங்கள். அரை மணித்தியால வேலைகூட இல்லை. அப்புறம், மெசேஜ் எந்த மொழியில் வருகிறது?

டிக்கோயா பொடியன்:
இங்கிலீஷில், அக்கா. நான் வீட்டுக்கு வந்துதான் வாசித்துக் காட்ட வேண்டும்.

தலவாக்கலை டீச்சர்:
தராசோடு நின்றுவிடாதீர்கள். சம்பள நிர்ணய சபை மூலம் 2021இல் ஆயிரம், 2024இல் 1350 என்று நாள் சம்பளம் வர்த்தமானியில் வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்பதைத் தோட்ட நிர்வாகம் வைக்கிறது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, காணி இன்னும் அரசாங்கத்துடையது. சம்பளத்தைக் கூட்டியவர் ஒருவர், கிலோவைக் கூட்டுபவர் இன்னொருவர். அங்கே போனால் இங்கே கேள் என்பார்கள், இங்கே வந்தால் அங்கே கேள் என்பார்கள்.

இது நமக்குப் புதிதில்லை. 1948இல் பிரஜாவுரிமைப் பட்டியலில் நம் ஆட்களுக்கு இடமில்லாமல் போனது. பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது, ஆனால் அதைத் திருத்தி, சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழிசெய்ய 2018 ஆனது. 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணம் வந்தபோது எங்கள் லயத்தில் ஆறு காம்பராவுக்கும், அதாவது ஆறு வீட்டுக்கும், ஒரே விலாசம். கடிதம் தோட்ட ஒஃபிஸில் கிடந்து, மேன்முறையீட்டுத் திகதி போன பிறகு கைக்கு வந்தது. கியூஆர் கோடு வந்தாலும் வீட்டுக்கு இலக்கம் இல்லாவிட்டால் என்ன செய்ய?

பழைய கணக்கப்பிள்ளை, லிந்துலை:
டீச்சர் சொல்வது சரி. ஆனால் பையனுக்கு இந்தச் சம்பளத்துக்கு முன் ஏதாவது செய்ய வேண்டும். தராசு காட்டுவதைப் படம் எடுத்து வை தம்பி.

டிக்கோயா பொடியன்:
எடுத்தோம் ஐயா. இரண்டு நாள் அம்மாவே எடுத்தார், விரல் பாதி மறைத்துக்கொண்டு. மூன்றாம் நாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் வைத்து, நிறுக்கிற இடத்தில் போன் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அம்மாவோடு நான்கு பேர் தங்கச்சியின் பழைய கணக்குக் கொப்பியில் எழுதுகிறார்கள். திகதி, மூன்று நிறுவை, வெயிலா மழையா. பென்சிலை இடுப்பில் கட்டுகிற படங்கில் செருகிக்கொண்டு போகிறார்கள். மெசேஜில் மூன்று இலக்கம் கேட்டு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். டீச்சர், அனுப்ப முன் ஒருக்கா பார்த்துத் தருவீர்களா?