பாட்காஸ்டில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது

கேள்வி (பாலக்கோடு): மா விவசாயிகளுக்கான பாட்காஸ்ட். சிமெண்ட் சுவர் அறை, கண்டென்சர் மைக் (சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் வகை). எதிரொலியும் மின்விசிறி இரைச்சலும் பதிவாகின்றன. எந்த மென்பொருளில் இவற்றை நீக்கலாம்?

பதில் (காவேரிப்பட்டணம்): எதிரொலியை மென்பொருளில் எடுத்தால் குரல் தகரம்போல் ஆகிவிடும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். 'ப' சொல்லும்போது காற்று மோதாது. பேசுபவருக்குப் பின்னால் கனமான ஜமுக்காளம் தொங்கவிடுங்கள், மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். விசிறியை நிறுத்துங்கள்.

கேட்டவர்: மதியம் வேக்காடு தாங்காதே!

பதில் (ஓசூர்): அப்போ விடியற்காலையில் பேசுங்க. பதிவு மீட்டரில் குரலின் உச்சம் -12 டெசிபலில் நிற்கட்டும். 0-வைத் தொட்டு உடைந்த ஒலி மீளாது. ஆடாசிட்டியில் (இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள்) இரைச்சல் நீக்கம் முதலில், பிறகுதான் 3:1 கம்ப்ரசர் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது). மாற்றிச் செய்தால் இரைச்சலும் சேர்ந்து உயரும். கடைசியில் மொத்தச் சத்தத்தை -16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) என்று வையுங்க.