டேங்கில் பழைய ஸ்டிக்கர் பசை போகவே மாட்டேன்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். அப்பா ஓட்டிய 2008 மாடல் ஸ்பிளெண்டர், டிஎன் 29 வண்டி, கறுப்பு டேங்க். அப்பாவுக்கு முன் வைத்திருந்தவர் டேங்கின் இரண்டு பக்கமும் சைடு பேனலிலும் நெருப்பு மாதிரி பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். வெயிலில் காய்ந்து காய்ந்து அது அப்பளமாகிவிட்டது. நகத்தால் பிய்த்தால் அரிசி அளவு துண்டுகள்தான் வருகின்றன. மேல் தாள் போன இடத்தில் பசை அப்படியே நிற்கிறது. காவேரிப்பட்டணம் வரை ஒரு நடை போய் வந்தாலே ரோட்டுத் தூசி ஒட்டித் திட்டுத் திட்டாகிவிடுகிறது.

ஒருவர் தின்னர் போடச் சொன்னார். சைடு பேனலில் வைத்துத் துடைத்தேன், துணியில் கறுப்பு இறங்கிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பே இல்லை. அதற்கு மேல் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. ஹெட்லைட்டுக்கு மேல் அப்பா தன் கையால் ஒட்டிய ‘முனியப்பன் துணை’ இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது.

பென்னாகரத்திலிருந்து:
தின்னரை உடனே தூக்கி ஓரம் வையுங்கள் தம்பி. நெயில் பாலிஷ் எடுக்கும் அசிட்டோனும் வேண்டாம். பெயின்டையும் கரைக்கும், பேனல் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். பிளேடு, கம்பி நார் எதுவும் டேங்க் பக்கமே வரக் கூடாது.

கிருஷ்ணகிரியிலிருந்து, ஸ்டிக்கர் வேலை செய்பவர்:
புது ஸ்டிக்கர் வளைந்து கொடுப்பதற்காக அதில் ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்த்திருப்பார்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் அது வெளியேறிவிடும். அதனால்தான் உங்களுக்கு நொறுங்குகிறது. சூடு காட்டினால் தாளும் இளகும், பசையும் இளகும்.

பேனலைக் கழற்றித் தள்ளி வைத்து ஹேர் டிரையர் காட்டலாம். டேங்குக்கு அது வேண்டாம், உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கிறது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து, துணியை நனைத்து, ஸ்டிக்கர் மேல் ஐந்து நிமிடம் போர்த்திவிடுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். அப்புறம் பழைய ஏடிஎம் கார்டை நன்றாகச் சாய்த்துப் பிடித்து விளிம்பிலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். நிமிர்த்திச் சுரண்டினால் கோடு விழும்.

அவசரப்பட்டு இழுக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கே ஒரு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

கம்பெனி எழுத்துகளைத் தொடுமுன் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டுப்படாவிட்டால் அதன் மேல் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல் பூச்சு, இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
பசைக்கு நான் சொல்கிறேன். பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வோமே, அதே கணக்குதான். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் பசை மேல் கால் மணி நேரம் ஊற விடுங்கள். விரலால் உருட்டினால் அழுக்குத் திரி மாதிரி திரண்டு வரும். மிச்சத்துக்குத் துணியில் துளி மண்ணெண்ணெயோ நீலகிரித் தைலமோ தொட்டு, முதலில் சீட்டுக்கு அடியில் தெரியாத இடத்தில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். கடைசியில் ஷாம்பு தண்ணீர். இதெல்லாம் நிழலில்தான்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அந்த எண்ணெய் அப்பா ஒட்டியதற்குப் போய்விடாதா?

கிருஷ்ணகிரியிலிருந்து:
நல்லவேளை கேட்டீர்கள். விளிம்பில் இறங்கினால் அதுவும் கிளம்பிவிடும். ஹெட்லைட் மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எண்ணெய்க் கையோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஸ்டிக்கர் இருந்த இடம் கறுப்பாகவும் சுற்றிலும் வெளுத்தும் தெரியும். பயப்படாதீர்கள், சுற்றியுள்ள பெயின்ட்தான் வெயிலில் மங்கியது. மங்கிய பெயின்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் எடுத்து லேசாகத் தேயுங்கள், பிறகு வேக்ஸ். டேங்கின் மடிப்புகளில் அழுத்த வேண்டாம், அங்கே பெயின்ட் மெல்லிசு. பேனலில் பளபளப்பு மட்டும் போயிருந்தால் இதிலேயே திரும்பும். அடிப் பிளாஸ்டிக் தெரிந்தால் பெயின்ட்தான்.

கேட்டவர், ஞாயிறு மாலை:
முடித்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி ஒன்று. வலது பக்கம் நெருப்பின் வால் ஒரு முழ நீளத்துக்கு அறுபடாமல் வந்தது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடது பக்கம் கூர்ந்து பார்த்தால் ஜுவாலையின் நிழல் இன்னும் லேசாகத் தெரிகிறது. அடுத்த வாரம் இன்னொரு தடவை காம்பவுண்ட் போடுகிறேன். பேனலில் அடிப் பிளாஸ்டிக் தெரிகிறது, பெயின்டுக்குக் கொடுத்துவிட்டேன். முனியப்பன் அப்படியே இருக்கிறார்.